ஆயில் மீட்டரும் ஒரு சந்தனப் பொட்டும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தேகாலுக்கு என் செல்போன் ஒலித்தது. அதற்கு முந்தைய அழைப்பு வந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. அதுவும் கேஸ் சிலிண்டர் பதிவைப் பற்றிய இயந்திரக் குரல்தான். இந்த முறை பேசியவர் முருகேசன். கப்பலூரில் நான் பொறுப்பாளராக இருந்த பஸ் கம்பெனி ஒர்க்‌ஷாப்பை இப்போது அவர்தான் பார்த்துக்கொள்கிறார்.

"அண்ணே, நல்லா இருக்கீங்களா? ஆளு இருக்காரா, மேல போயிட்டாரான்னு இங்க பயலுக பந்தயம் கட்டுறாங்க."

"இருக்கேன். யார் ஜெயிச்சா?"

"நான்தாண்ணே" என்று சிரித்தார். "முதலாளி பழைய வண்டி மூணு வாங்கியிருக்காரு. மூணுலயும் ஆயிலுக்கு வெறும் லைட்டுதான். டிரைவருங்க மீட்டர் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறாங்க. கடைக்குப் போனா அம்புட்டு வகை காட்டுறான். எதைப் போடலாம், எப்படிப் போடலாம்னு எழுதிக் குடுங்கண்ணே. நம்ம சங்க மலர்லயும் போட்டுருவோம். ஆயுத பூஜைக்கு முன்னாடி மாட்டிறணும்."

ஆயுத பூஜை என்றதும் என் கண் சுவர்க் காலண்டருக்குப் போனது.

"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"

எழுதித் தருகிறேன் என்றேன்.

பரவையில் மார்க்கெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை வீட்டில் நான் தனியாக இருக்கிறேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. அதற்கென்று சொல்லும்படியான காரணம் எதுவும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்குப் போகிறேன். மற்ற நாட்களில் வாசல் வழியாகப் போகும் வண்டிகளின் சத்தத்தைக் கேட்டு, எதில் டேப்பட் தட்டுகிறது, எதில் பெல்ட் நழுவுகிறது என்று எனக்குள் சொல்லிக்கொள்கிறேன். கேட்க யாரும் இல்லை.

ஐ.டி.ஐ. முடித்து, இரண்டு லாரி ஒர்க்‌ஷாப்களில் வேலை பார்த்துவிட்டு, இருபத்தொன்பது வயதில் கப்பலூருக்கு வந்தேன். அதுவரை நான் கற்றதில் பாதியை ஜமால் பாய் முதல் வாரத்திலேயே கழற்றிப் போட்டார். அவர் அங்கே ஃபோர்மேன். மெலிந்த மனிதர், வெள்ளைச் சட்டை. இத்தனை வண்டிகளுக்கு நடுவில் அந்தச் சட்டையில் கறை பட்டு நான் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். 'சரியா இருக்கு', 'பரவாயில்ல', 'ஓடும்' ஆகிய மூன்று சொற்களும் அவர் காதில் ஏறாது.

"ஆயில் பிரஷர் எப்படி?"

"நல்லா இருக்கு பாய்."

"அச்சா. நம்பர்?"

எண்ணைச் சொல்லும்வரை அங்கேயே நிற்பார். நான் பதில் சொல்லாமல் அசடு வழிந்தால் தாமே குனிந்து பார்க்கவும் மாட்டார். நிற்பார், அவ்வளவுதான்.

முருகேசன் கேட்டதற்கு இங்கே பதில் சொல்லிவிடுகிறேன். இவை எல்லாம் ஜமால் பாய் எனக்குக் காட்டியவை.

எச்சரிக்கை விளக்கு எண்ணெய் அழுத்தம் கிட்டத்தட்ட இல்லாமல் போன பிறகுதான் எரியும். மீட்டர் அழுத்தம் குறைந்துகொண்டு வருவதையே காட்டும். மீட்டரில் இரண்டு வகை. ஒன்றில் மெல்லிய செப்புக் குழாய் வழியாக இன்ஜின் எண்ணெயே முகப்புப் பலகை வரை வந்து முள்ளைத் தள்ளும். மற்றொன்றில் இன்ஜினில் அழுத்தத்தை உணரும் ஒரு யூனிட் இருக்கும், அதிலிருந்து வயர் மட்டும் வரும். குழாய் வகை பொய் சொல்லாது. ஆனால் குழாய் விரிசல் விட்டால் சூடான எண்ணெய் ஓட்டுநரின் காலில் விழும். வயர் வகையில் அந்த ஆபத்து இல்லை. ஆனால் யூனிட்டும் மீட்டரும் ஒரே ஜோடியாக இருக்க வேண்டும். ஒரு கம்பெனி யூனிட்டை இன்னொரு கம்பெனி மீட்டரோடு சேர்த்தால் முள் ஆடும், எண் தவறாக இருக்கும். வண்டி பன்னிரண்டு வோல்ட்டா, இருபத்துநாலா என்பதையும் வாங்கும் முன் பார்க்க வேண்டும்.

அளவு அடுத்தது. அழுத்தத்தைக் கிலோவில்தான் சொல்வோம். எங்கள் இன்ஜின்களில் ஓட்டத்தில் நாலு கிலோ, சூடேறி ஐடிலிங்கில், அதாவது வண்டி நகராமல் இன்ஜின் மட்டும் ஓடும்போது, ஒன்றரை கிலோ. அதற்கு எட்டு கிலோ வரை காட்டும் மீட்டர் போதும். ஏனென்றால் நாலு என்பது நட்டநடுவில், உச்சியில் வரும். வண்டி ஓடும்போது முள் நேராக நிமிர்ந்து நிற்கும். "டிரைவர் நம்பர் படிக்கக் கூடாது. அது உன் வேலை. அவன் வேலை ரோட்டைப் பார்க்கிறது. முள்ளு நிக்குதா, படுத்துக் கிடக்கான்னு ஓரக்கண்ணுல தெரியணும்" என்பார் ஜமால் பாய்.

மாட்டும்போது மரையைப் பாருங்கள். பொருந்தாத மரையும் மூன்று சுற்று உள்ளே போகும், நான்காவதில் இறுகும், பொருந்தியதுபோல இருக்கும். ஒரு வாரத்தில் கசியும். வயர் யூனிட்டின் மரையில் வெள்ளை டேப் சுற்றாதீர்கள். எர்த் கெட்டு முள் தவறாகக் காட்டும். செப்புக் குழாய் என்றால் இன்ஜின் பக்கம் ஒரு சுருள் விட்டு மாட்டுங்கள், அதிர்வை அது வாங்கிக்கொள்ளும். தகட்டைத் துளைத்துப் போகும் இடத்தில் ரப்பர் வளையம் கட்டாயம். விளக்கைக் கழற்றாமல், இரண்டுக்கும் சேர்த்து மூன்று வாய் உள்ள டீ இணைப்பு போடுங்கள். அந்தக் காலத்தில் எங்கள் வண்டிகளில் விளக்கு இல்லை. மீட்டர் மட்டும்தான்.

எல்லாம் முடிந்ததும் ஜமால் பாய் பிஸ்கட் டின் ஒன்றைத் திறப்பார். அதில் பனியன் துணியில் சுற்றிய பித்தளை மாஸ்டர் கேஜ் இருக்கும். அதை இன்ஜினோடு இணைத்து, இரண்டு முள்ளையும் ஒத்துப்பார்ப்பார். பிறகு மகளிடமிருந்து எடுத்து வந்த நகப்பாலிஷால் கண்ணாடியில் ஒரு கிலோ இருக்கும் இடத்தில் மயிரிழை அளவு சிவப்புக் கோடு போடுவார். அதன் கீழ் முள் போனால் வண்டியை ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும். கடைசியாக அறிக்கைத் தாள். வண்டி, ஓட்டுநர், குளிரில் எவ்வளவு, ஐடிலிங்கில் எவ்வளவு, ஓட்டத்தில் எவ்வளவு என்று ஐந்து வரி. ஆறாவது வரி 'கண்ணாடி' என்று தொடங்கும். சுத்தமா, விரிசலா, நீர் கோத்திருக்கிறதா என்று அதில் எழுத வேண்டும்.

"முள்ளு சரியா இருந்து என்ன செய்ய? பார்க்கிறவனுக்கும் முள்ளுக்கும் நடுவுல கண்ணாடி இருக்கே" என்றார் ஒருமுறை. அந்த ஆறாவது வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரையின் மீதி.

ஆயுத பூஜையன்று ஒர்க்‌ஷாப்பில் வேலை கிடையாது. வண்டிகளைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, அந்தந்த ஓட்டுநர் தன் வண்டிக்குத் தானே சந்தனமும் குங்குமமும் வைப்பார். ஸ்டீயரிங், கியர் கம்பி, ஸ்பேனர்கள், மீட்டர்கள் எதுவும் தப்பாது. ஒருமுறை வைத்த பொட்டைத் துடைக்கக் கூடாது. அது தானாக உதிர வேண்டும் என்பது அவர்கள் வழக்கம். ஜமால் பாய் அந்த நாளில் விடுப்பு எடுக்க மாட்டார். சந்தனக் கிண்ணத்தோடு ஓட்டுநர்கள் ஏறும் நேரத்தில் ஒவ்வொரு வண்டி வாசலிலும் போய் நிற்பார்.

"மாப்ள, கண்ணாடிதான் மீட்டருக்குக் கண்ணு. கண்ணுல யாராச்சும் பொட்டு வைப்பாங்களா? நெத்தியில வை."

மீட்டருக்கு மேலே உள்ள தகட்டைத் தொட்டுக் காட்டுவார். ஓட்டுநர்கள் சிரித்துக்கொண்டே நெற்றியில் வைப்பார்கள். பிறகு அவருக்கு இரண்டு பொட்டலம் பொரி கிடைக்கும்.

அவர் ஓய்வு பெற்ற வருடம் பொறுப்பு எனக்கு வந்தது. அந்த ஆண்டின் ஆயுத பூஜையில் நான் கேட் பக்கம் வேப்பமரத்தடியில் நின்றேன். சூடம் காட்டும்போது யாரோ, "அண்ணன் வேதக்காரரு. எட்ட நின்னாத்தான் அவுக சாமி கோவிக்காது" என்றார்கள். சிரிப்பு எழுந்தது. அதில் விஷம் இல்லை. நானும் சிரித்தேன். ஆனால் அதற்குப் பிறகு என்னால் வண்டி வண்டியாகப் போய் நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை சோதனைக்காக எழுமலை வண்டியில் ஏறினேன். அதன் ஓட்டுநர் செல்லப்பாண்டி. உசிலம்பட்டி வழியாக எழுமலைக்கு நாளுக்கு நாலு நடை. சபரிமலைக்கு மாலை போடுகிறவர், வண்டியில் செருப்போடு ஏறாதவர். ஆயில் மீட்டரின் கண்ணாடியில் கட்டைவிரல் அகலத்துக்குச் சந்தனம், நடுவில் குங்குமம். ஈரத்தில் சற்றுக் கீழே வழிந்து, பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை மறைத்துக் காய்ந்திருந்தது. சிவப்புக் கோடு அடியில் இருந்தது.

என் கையில் துணி இருந்தது. கை பாதி வரை போனது. ஒரு வேதக்காரன் பூஜைப் பொட்டைத் துடைத்தான் என்று அன்று மாலைக்குள் கேட் வரை பேச்சு வரும் என்று தோன்றியது. ஓட்டுநரையே கூப்பிட்டுத் துடைக்கச் சொல்லியிருக்கலாம். அதையும் செய்யவில்லை. இரண்டு நாளில் உதிர்ந்துவிடும் என்று இறங்கிவிட்டேன். பன்னீர் விட்டு அரைத்த நல்ல சந்தனம். உதிரவில்லை.

மூன்று வாரம் அப்படியே ஓடியது. வண்டி ஓடும்போது முள் உச்சியில் நின்றது, தெரிந்தது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒன்றரைக்கு இறங்கிப் பொட்டுக்குப் பின்னால் போனது. மறுபடி கிளம்பினால் மேலே வந்தது. முள் மறைவது செல்லப்பாண்டிக்குப் பழகிவிட்டது.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல், உசிலம்பட்டிக்கு மேற்கே, ஆயில் பம்பைச் சுழற்றும் கியர் நழுவி, அழுத்தம் பூஜ்யத்துக்கு விழுந்தது. வண்டி அப்போது வைக்கோல் ஏற்றிய ஒரு டிராக்டருக்குப் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தது. செல்லப்பாண்டி மீட்டரைப் பார்த்தார். முள் தெரியவில்லை. மெதுவாகப் போகும்போது தெரியாதுதானே என்று நினைத்தார். ஒன்றரையும் பூஜ்யமும் அவருக்கு ஒரே மாதிரி இருந்தன. டிராக்டர் ஒதுங்கியதும் மிதித்தார். அடுத்த முறை பார்ப்பதற்குள் இன்ஜின் தட்டத் தொடங்கி, ஒரு கிலோமீட்டருக்குள் இறுகி நின்றது. பயணிகளுக்கு எதுவும் ஆகவில்லை. கிராங்க் ஷாஃப்ட் எதற்கும் உதவாமல் போனது.

வண்டியை இழுத்து வந்தார்கள். மறுநாள் காலை மேனேஜர் வருவதற்கு அரை மணி நேரம் முன்பு நான் மாஸ்டர் கேஜோடு அதில் ஏறினேன். ஒத்துப்பார்க்க வேண்டுமானால் கண்ணாடி சுத்தமாக இருக்க வேண்டும். இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்று வாரத்துக்கு முன் தயங்கிய கை அன்று தயங்கவில்லை. எச்சில் தொட்டுத் துடைத்தேன். துணியைப் பாக்கெட்டில் செருகினேன். மீட்டரைக் கழற்றிக் கை பம்பில் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு முள்ளும் நாலில் நின்றன. மறுபடி மாட்டினேன்.

மேனேஜர் வந்தார். செல்லப்பாண்டி கீழே நின்றார்.

"ஏய்யா, முள்ளு பூஜ்யத்துக்கு வந்துருக்கு. நீ பாக்கலையா?"

"பார்த்தேன் சார். முள்ளு தெரியல. கண்ணாடியில பொட்டு இருந்துச்சு."

"ஏறி வந்து காட்டு. எங்கய்யா இருக்கு பொட்டு?"

செல்லப்பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். கண்ணாடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் மீட்டரைப் பார்த்தேன்.

"இருந்துச்சு சார்" என்று மட்டும் சொன்னார்.

"தூங்கியிருக்க. தூங்கிட்டு சாமி மேல பழி போடுற."

என் அறிக்கையில் ஆறு வரிகள் இருந்தன. மீட்டர் சரியாக இயங்குகிறது, முள் இறங்கியதை ஓட்டுநர் கவனிக்கவில்லை, கண்ணாடி சுத்தம். எழுதிய நேரத்தில் ஒவ்வொரு சொல்லும் உண்மை. அந்த வாரமே செல்லப்பாண்டியை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் பிறகு, மதுரையில் ஜமால் பாயின் வீட்டுக்குப் போனேன். எதற்குப் போனேன் என்று எனக்கே தெளிவில்லை. டீ வந்தது. நடந்ததைச் சொன்னேன்.

"மீட்டர்?"

"நாலுக்கு நாலு பாய்."

"கண்ணாடி?"

"சுத்தம்னு எழுதுனேன்."

"என்ன எழுதுனேன்னு கேக்கல."

அவர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்தார்.

"யார் தொடச்சது?"

"நான்தான்."

அவர் திட்டவில்லை. "திங்கக்கிழமை மேனேஜர்ட்ட போய் இதே வார்த்தையச் சொல்லு" என்றார். வாசல் வரை வந்து வழியனுப்பினார். திங்கட்கிழமை நான் மேனேஜர் அறைக்கு முன்னால் இரண்டு முறை நடந்தேன். உள்ளே போகவில்லை. அதன் பிறகு ஜமால் பாய் வீட்டுக்கும் போகவில்லை. அவர் இறந்த செய்தியைச் சுவரொட்டியில்தான் பார்த்தேன்.

ஓட்டுநர்கள் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பொட்டு இருந்ததைப் பார்த்தவர்கள் இரண்டு மூன்று பேராவது இருந்திருப்பார்கள். டீ நேரத்தில் நான் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் பேச்சு நின்றது. பிறகு நான் என் டீயை அறைக்கே வரவழைத்துக்கொண்டேன். ஓய்வு பெறும்வரை இருபத்திரண்டு வருடம் அப்படித்தான். அடுத்து வந்த ஆயுத பூஜைகளில் நான் வண்டி வண்டியாகப் போய் நின்றேன். நெற்றியில் வைக்கச் சொன்னேன். வைத்தார்கள். யாரும் சிரிக்கவில்லை.

முருகேசன் பேசிய மூன்றாம் நாள் எழுமலைக்குப் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டை ஒட்டிச் செல்லப்பாண்டி சைக்கிள் ஸ்டாண்டு வைத்திருக்கிறார் என்று டீக்கடையில் சொன்னார்கள். தலை முழுக்க நரைத்திருந்தது. ஒரு மோட்டார் சைக்கிளுக்கு டோக்கன் மாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"யாரு, சேவியர் அண்ணனா? மீட்டர் செக் பண்ண வந்தீகளா? எங்கிட்ட சைக்கிளுதாண்ணே இருக்கு. அதுக்கு ஆயில் பிரஷர் கிடையாது."

சொல்ல வேண்டியதைப் பஸ்ஸில் மூன்று விதமாகத் தயாரித்திருந்தேன். மூன்றையும் விட்டுவிட்டேன். "கண்ணாடியைத் தொடச்சது நான்தான்" என்றேன்.

"தெரியும்."

"எப்படி?"

"உங்க பாக்கெட்டுல துணி தொங்குச்சு. அதுல சந்தன மஞ்ச இருந்துச்சு. ஏறுனதும் அதைத்தான் பார்த்தேன்."

"அப்பவே மேனேஜர்ட்ட சொல்லியிருக்கலாமே."

"பொட்டு வச்சது நானு. மீட்டர் சரின்னு எழுதுனது நீங்க. யாரை நம்புவாரு? அதுபோக, நீங்களே சொல்லுவீகன்னு நெனச்சேன். ஒரு வாரம் பார்த்தேன், ஒரு மாசம் பார்த்தேன்." இன்னொரு வண்டி வந்தது. டோக்கன் கொடுத்துவிட்டுத் திரும்பினார். "அப்பறம் எந்தக் கம்பெனிக்குப் போனாலும், தூங்கி வண்டியக் கொன்னவன் நீதானேன்னு கேட்டாக. டிராக்டர் ஓட்டுனேன். எம் மருமகன் வீட்டுல எனக்கு இன்னும் தூங்குமூஞ்சி டிரைவர்னுதாண்ணே பேரு. பேத்தி கூட அப்படித்தான் கூப்பிடுது."

நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் உட்காரச் சொல்லவில்லை.

"பாவத்தச் சொல்ல உங்க கோயில்லயே கூண்டு வச்சிருப்பாகளே. அங்க போகலையா?"

"போனேன். அங்க சொன்னா வெளிய வராது."

அவர் முதன்முறையாகச் சிரித்தார். "அப்ப வெளிய வர்ற மாதிரி சொல்லுங்க."

சங்க மலரில் எழுதப்போவதைச் சொன்னேன். டீ சொல்லட்டுமா என்றும் கேட்டேன்.

"இப்ப வேணாம்ணே. அச்சடிச்சதை எடுத்துக்கிட்டு வாங்க. பேத்தி படிக்கட்டும். அப்ப டீ நான் வாங்கித் தாரேன்."

திரும்பும் பஸ்ஸில் ஓட்டுநருக்குப் பின் இருக்கை கிடைத்தது. அதில் ஆயில் மீட்டர் இல்லை, விளக்கு மட்டும்தான். பரவை வரை அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அது எரியவில்லை.

முருகேசன், நீங்கள் கேட்ட மீட்டர் விவரம் மேலே இருக்கிறது. மரை, ஜோடி, சுருள் எல்லாவற்றையும் அப்படியே பின்பற்றுங்கள். பூஜையன்று வண்டி வாசலில் போய் நில்லுங்கள். கீழே இருப்பது என் பழைய அறிக்கையின் திருத்தம். இடம் போதவில்லை என்றால் மேலே எதை வேண்டுமானாலும் வெட்டுங்கள். இதை வெட்ட வேண்டாம்.

வண்டி: எழுமலை வண்டி.

ஓட்டுநர்: செல்லப்பாண்டி.

குளிரில்: இன்ஜின் இறுகியதால் பார்க்க முடியவில்லை.

ஐடிலிங்கில்: அதேபோல.

ஓட்டத்தில்: அதேபோல. மீட்டர் மட்டும் மாஸ்டர் கேஜோடு நாலுக்கு நாலு.

கண்ணாடி: பூஜ்யத்திலிருந்து இரண்டு வரை சந்தனம் மறைத்திருந்தது. பூஜைக்கு மறுநாளே அதைப் பார்த்தும் சொல்லாதவர், விசாரணைக்கு அரை மணி நேரம் முன்பு அதைத் துடைத்தவர், ஒர்க்‌ஷாப் பொறுப்பாளர் சேவியர். ஓட்டுநர் தூங்கவில்லை.